ஆறு பை விவசாயி

மாடிப்படி ஏறும்போது சாதாரண மனிதனாக ஏறி, இறங்கும்போது விவசாயியாக இறங்குகிற ஓர் இனம் நம்மிடையே வேகமாகப் பெருகிவருகிறது. கண்டுபிடிப்பது சுலபம். இதனிடம் ஆறு பை மண் இருக்கும். அதுவும் மண் இல்லை, தேங்காய் நார்த்தூள். தலையில் துண்டு கட்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு யாராவது போன் செய்தால் "தோட்டத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லும்; தோட்டத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் பதினாறு படிதான். வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரே பச்சை மிளகாயை நான்கு பக்கத்திலிருந்து போட்டுவிட்டு, ஐந்தாவதாகத் தன் முகத்தைப் போட்டிருக்கும். பாங்கு வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுக்கு "மழையே காணோம்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பெருமூச்சு விட்டு, அண்ணாந்து பார்த்து (அங்கே மின்விசிறிதான் இருக்கிறது), "எங்கள மாதிரி வெவசாயிங்க பொழப்புதான் பேஜாரு" என்று ஆரம்பித்துவிடும்.

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்று ஆம்பூரில் வசிக்கிறது. பெயர் மோசஸ். வயது ஐம்பத்திரண்டு. ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் சூப்பர்வைசர். முப்பது வருஷமாக இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று சொல்லிப் பழகிய மனிதர். வீட்டில் இட்லியைக்கூட ஜோடி பார்த்துத்தான் எடுப்பார். மனைவி டோரதி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை அவர் எந்தக் குறையும் சொல்வதில்லை. அவளுக்கு ஜோடி இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

மாடித்தோட்டத்துக்கு அரசு மானியம் கொடுக்க ஆரம்பித்த வருஷம், ஊருக்கே முப்பது பேருக்குத்தான் வந்தது. முப்பதில் ஒருவர் மோசஸ். ஆறு பை, ஆறு நார்க்கட்டி, ஆறு விதைப் பொட்டலம், ஒரு பாட்டில் வேப்பெண்ணெய், ஒரு கையேடு. கையேட்டைப் படிக்கிறவன் விவசாயியா? ஞாயிற்றுக்கிழமை டோரதி சர்ச்சுக்குப் போன நேரத்தில், ஆறு நார்க்கட்டியையும் மொத்தமாகப் பாத்ரூமில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பேப்பர் படிக்க உட்கார்ந்தார். செங்கல் அளவில் இருந்த அந்தச் சாதுவான கட்டிகள் தண்ணீர் குடித்துக் குடித்து, பொங்கிப் பூரித்து, பக்கெட்டை விழுங்கி, சோப்புப் பெட்டியை விழுங்கி, முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றன. டோரதி திரும்பி வந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாங்க இது?"

"மண்ணு."

"நான் எங்கங்க குளிக்கறது?"

"வெவசாயி வூட்டுல இதெல்லாம் இருக்கும்மா."

முதல் அறுவடை மூன்று கத்திரிக்காய். மூன்றையும் டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். கட்டிங் செக்ஷன் பார்த்தது, ஸ்டிச்சிங் செக்ஷன் பார்த்தது, வாட்ச்மேன் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பி, மூன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். இரண்டு ஜோடி சேர்ந்தன. மூன்றாவது கொஞ்சம் குண்டு. ரிஜெக்ட்.

"கொழம்புக்கு இன்னாங்க எடது வலது?" என்று டோரதி மூன்றையும் சேர்த்து நறுக்கினாள்.

இப்படியே விட்டிருந்தால் மோசஸ் தெருவின் ஒரே விவசாயியாக, நாலு பேர் கும்பிடுகிற மனிதராகக் காலம் தள்ளியிருப்பார். ஆனால் அரசு நிதியைக் கூட்டியது. மறு வருஷம் இன்னும் கூட்டியது. மூன்றாம் வருஷம் ஆதார் கார்டை நீட்டிய கைக்கெல்லாம் ஆறு பை. ஒரு தெருவில் ஒரு விவசாயி இருந்தால் அவனுக்கு மரியாதை. நாற்பத்தொரு விவசாயிகள் இருந்தால் அது வெறும் தெரு.

அது மட்டுமா? நாற்பத்தொரு வீட்டுக்கும் ஒரே விதை. ஒரே நாளில் கொடுத்தது, ஒரே வாரத்தில் விதைத்தது, ஒரே வாரத்தில் காய்த்தது. தை மாதம் பிறந்ததும் தெருவே மஞ்சப்பையில் கத்திரிக்காயைப் போட்டுக்கொண்டு, யாருக்காவது கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பியது. வாங்க ஒருவரும் இல்லை. எதிரெதிரே பையோடு வந்தவர்கள் அசட்டுச் சிரிப்பு சிரித்து விலகிப் போனார்கள். மோசஸ் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால், ஹலீமா பீ டி.வி.யை அணைத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "எங்க வூட்லயும் ஜாஸ்தியா கெடக்குது அண்ணே!" என்று குரல் கொடுத்தாள்.

மிச்சம் இருந்தது முனையில் இருக்கும் தபரேஸின் பிரியாணிக் கடை. ஆம்பூரில் பிரியாணி இருக்கும் இடத்தில் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இருந்துதானே ஆகவேண்டும்? தெரு மொத்தமும் அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. முதல் வாரம் தபரேஸ் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். மூன்றாம் வாரம் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: "இங்கு கத்திரிக்காய் பெறப்பட மாட்டாது."

"எனக்குமா பாய்?" என்றார் மோசஸ். "நான் மொத வருஷத்து வெவசாயி."

"தோஸ்து, உன் மேல சத்தியமா சொல்றேன், போன வாரம் பிரியாணி கம்மி ஆச்சு, கத்திரிக்காய் கம்மி ஆகல. என் வூட்டுக்காரி என்னப் பாத்தாலே ஊதாவாத் தெரியுதுங்கறா."

சித்திரை வந்து இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. நம் பக்கத்து வெயிலுக்கு மானியம் தேவையில்லை. பத்தே நாளில் நாற்பது மாடிகளும் கருகின. பைகளில் ஒரு வீட்டில் அடுப்புக் கரி குடியேறியது, ஒரு வீட்டில் பழைய செருப்புகள், ஒரு வீட்டில் பூனை நான்கு குட்டி போட்டு, ஐந்தாவது பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மோசஸின் கைப்பிடிச் சுவரோரத்து ஆறு பைகளும் போயின. ஆனால், கவனியுங்கள், அவர் வீட்டில் இன்னொரு ஆறு பை இருந்தது. டோரதியின் ஆதாரைக் காட்டி, அவள் விரல்ரேகை வைத்து வாங்கியது. வேறு இடம் இல்லாததால் அவற்றைத் துணி காயப்போடும் கயிறுகளுக்குக் கீழே தள்ளிவைத்திருந்தார். அவை மட்டும் தளதளவென்று நின்றன.

"கைராசி" என்று மோசஸ் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. வார்டுக்கு ஒரு மாடியை 'முன்மாதிரி மாடித்தோட்டம்' என்று தேர்ந்தெடுத்து, வாசலில் பெயர்ப் பலகை வைப்பார்களாம். பச்சைப் பலகை. வெள்ளை எழுத்து. மோசஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஷூவின் உள்ளே எத்தனையோ நாட்டுக்காரன் பெயரை ஒட்டி அனுப்பியவர்; தன் பெயர் ஒரு பலகையில் ஏறி ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் ஏறியது, அதிலும் எழுத்துப்பிழை.

வெளிநாட்டு வியாபாரி பார்வைக்கு வருகிறான் என்றால் கம்பெனியில் என்ன செய்வார்கள்? கூட்டிப் பெருக்கி, தேவையில்லாததையெல்லாம் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பார்கள். மோசஸ் மாடியில் நின்று, தேவையில்லாதது எது என்று பார்த்தார். நான்கு கயிறு. டோரதியின் மூன்று வெள்ளைச் சீருடை, ஐந்து புடவை, இரண்டு படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரிக் கிருமி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் தினம் தினம் துவைத்துப் போடுகிற துணி. ஈரம் சொட்டிக்கொண்டு, தோட்டத்தையே மறைத்துக்கொண்டு.

"ஆபீசர் வர்றப்ப பனியனும் பாவாடையும் தொங்கினா எவன் போர்டு குடுப்பான்?"

"கயித்த அவுத்தா நான் துணிய எங்க போடறது? உங்க தலையிலயா?"

"ஒரு வாரம்தான், டோரதி."

டோரதி அவரைப் பார்த்தாள். நோயாளிக்கு ஊசி போடுமுன் பார்க்கிற பார்வை. "சரி. அவுத்துக்கோங்க. போர்டு வரலன்னு வெச்சுக்கோங்க, கயிறு கட்றது மட்டுமில்ல, தெனம் துவைச்சுக் காயப்போடறதும் நீங்கதான்."

"வரும்மா!"

கயிறுகள் இறங்கின. முதல் நாள் செடிகள் தலையைக் குனிந்தன. இரண்டாம் நாள் தோளைத் தொங்கப்போட்டன. மூன்றாம் நாள், ஓவர்டைம் முடிந்து கம்பெனி வேனில் ஏறும் ஆட்களைப்போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. இருந்த நாலைந்து பிஞ்சுகளும் உதிர்ந்தன. மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆபீசர்.

மோசஸ் என்ன செய்தார் என்கிறீர்கள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதைத்தான் செய்தார். விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடினார். குவியலைக் கலைத்து, உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பன்னிரண்டு கத்திரிக்காய், ஆறு சரியான ஜோடி, பொறுக்கினார். காய்க்காரி, "எலவம்பாடி முள்ளு கத்திரி அண்ணே, கைல குத்தும்" என்றாள். குத்தட்டும்! முள் இருந்தால்தானே உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும்? வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஷூ தைக்கிற மெழுகு நூலால் செடிக்கு இரண்டாக, இடது ஒன்று, வலது ஒன்று என்று கட்டினார். பத்து அடி தள்ளி நின்று பார்த்தார்.

பாஸ்.

முத்துமாரி என்ற அந்தப் பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். காலையிலிருந்து முப்பது மாடி ஏறி இறங்கி, கரியையும் செருப்பையும் பூனையையும் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஒரு காயைத் தொட்டாள். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னா ரகம் சார் இது?"

"திட்டத்துல குடுத்த வெதைதாம்மா."

"திட்டத்துல குடுத்ததுல முள்ளே இருக்காது சார்."

மோசஸ் வானத்தைப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தி இல்லீங்களா. முள்ளு வந்திருக்கும்."

"எனக்கு அணைக்கட்டுப் பக்கம் சார், எலவம்பாடிக்குப் பக்கத்துல. இந்தக் காய மூட்டை கட்டியே எங்கப்பா என்னைப் படிக்க வெச்சாரு." அவள் காம்பை மெல்லத் திருப்பினாள். மெழுகு நூல் தெரிந்தது. "முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க. இழுத்தாலும் வரல."

படிக்கட்டில் நின்ற டோரதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. முத்துமாரிக்கும் தாங்கவில்லை. மோசஸ் மட்டும் ஒரு ரிஜெக்ட் ஷூவைப்போல ஓரமாக நின்றார்.

சிரித்து முடித்தபிறகு முத்துமாரி குனிந்து தண்டைக் கிள்ளிப் பார்த்தாள். பச்சையாகத்தான் இருந்தது. "ஊர்ல எல்லாம் செத்துப்போச்சு. இது மூணு நாள் முன்னாடி வரைக்கும் நல்லா இருந்திருக்கு. மூணு நாள் முன்னாடி இன்னா சார் பண்ணீங்க?"

"கயித்த அவுத்தாரு" என்றாள் டோரதி. "நான் துணி போடற கயிறு."

முத்துமாரி அண்ணாந்து வெறும் ஆணிகளைப் பார்த்தாள், கீழே பைகளைப் பார்த்தாள். "அக்கா, நெழல் குடுத்தது உங்க துணி. சொட்டுச் சொட்டாத் தண்ணி குடுத்ததும் உங்க துணி. மறுபடியும் கட்டுங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன். சார், நீங்க கட்டுன காயை மட்டும் அவுத்துடுங்க. போட்டோல எண்ணெ மின்னுது."

பத்து நாளில் செடிகள் நிமிர்ந்தன. படுக்கை விரிப்பின் கீழே நான்கு பூவும் இரண்டு பிஞ்சும். இரண்டும் ஜோடி சேராதவை. அவற்றைத்தான் முத்துமாரி போட்டோ எடுத்தாள். அந்த ஆறு பையும் யார் ஆதாரில் வாங்கியது என்று பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டாள். மறு மாதம் வாசலில் பச்சைப் பலகை ஏறியது:

முன்மாதிரி மாடித்தோட்டம். பயனாளி: மோ. டோரதி.

போர்டு வந்துவிட்டதால் பந்தயத்தில் தான் ஜெயித்ததாக மோசஸ் வாதாடினார். "யார் பேர்ல வந்திச்சு?" என்று கேட்டுவிட்டு டோரதி பக்கெட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மனம் உடைந்துபோனாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இப்போதெல்லாம் போகிறவர் வருகிறவரையெல்லாம் பலகை முன்னால் நிறுத்தி, "அந்த 'மோ' நான்தான்" என்கிறார். துணி நிழல் முறை தன் பல வருஷத்து ஆராய்ச்சி என்கிறார். காட்டன் புடவைக்கு வெண்டை நன்றாக வரும், லுங்கிக்குக் கீரை, விரிப்புக்குக் கத்திரி என்று தபரேஸின் கடையில் விளக்குகிறார். விளைவு? பண்டிகை நாளில்கூடத் தன் கைக்குட்டையைத் தானே அலசாத நாற்பது ஆண்கள், காலை ஆறு மணிக்கு மாடி மாடியாக நின்று படுக்கை விரிப்பைப் பிழிகிறார்கள். துவைக்கச் சொன்னால் துவைப்பார்களா? விவசாயம் என்று சொன்னதால் துவைக்கிறார்கள். தெருப் பெண்கள் யாரும் வாய் திறப்பதில்லை. ஹலீமா பீ மட்டும், காய்ந்த விரிப்பையும் எடுத்து, "இதுக்கு ஈரம் பத்தல, செடி வாடிப்போகும்" என்று கணவர் பக்கெட்டிலேயே மறுபடியும் போடுகிறாளாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரோவுக்கு மேலே மடித்துவைத்திருக்கிற அந்த ஆறு பைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தடவை பாங்கு வரிசையில் யாராவது "மழையே காணோம்" என்று சொல்லி, உங்கள் கண் தானாக மேலே போய் மின்விசிறியில் நின்றால், அப்படியே கொஞ்சம் குனிந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் மஞ்சப்பை இருக்கும். அதற்குள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் வேறு வரிசைக்கு மாறிவிட்டார்.