சந்தேகி நான்தான்

நான்கு நாளாகக் கடவுளுக்கு ஆதரவாகப் பக்கம் பக்கமாக எழுதியும் ஒரு ஆள் எதிர்த்துப் பேசவில்லை. பல்செட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. 'கடவுள் உண்டா? திறந்த விவாதம்' என்று அந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர். உள்ளே நானூறு பேர். அவர் எழுதியதற்குக் கீழே ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். இன்னொருவர், வீடு வாடகைக்கு என்று போட்டிருந்தார்.

"எதுக்குய்யா இந்த வீண் வேலை?" என்றார் அச்சுக்காரர். பக்கத்து மேஜையில் நோயாளிகளின் வாய் அளவுக்கு மாவு ஊற்றி அச்சு எடுப்பவர் அவர். அந்த அச்சின் மேல்தான் நம்மவர் பல் கட்டுவார்.

"என் பையன் இந்தக் குழுவுல இருக்கான்யா. இதைப் பாரு."

படித்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் 'மகன்'. சைக்கிள் சக்கரம் படம். எது போட்டாலும் பிற்பகல் மூன்று மணிக்குப் படித்துவிடுவான். ஒரு வார்த்தை எழுத மாட்டான்.

வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு முன்னறையில் மூன்று நாற்காலி போட்டு மூன்று பேரும் பிரார்த்தனை செய்வது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மகன், "எனக்கு இதுல நம்பிக்கை இல்லப்பா" என்று எழுந்து போனான்.

"அப்ப எங்கிட்ட பேசாதே!" என்று இவர் கத்தினார்.

பெற்ற பிள்ளை இருபத்தாறு வருடத்தில் தட்டாமல் கேட்ட ஒரே பேச்சு அதுதான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவே மனைவிதான் தபால்காரி. "அவன் சாப்பிட்டானா கேளு." "சாப்பிட்டேன்னு சொல்லுங்கம்மா." மூன்றாவது நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கவும் இவருக்கு மனசு வரவில்லை, அதைப் பார்த்துக்கொண்டு வேண்டவும் முடியவில்லை. அவன் திரும்பி வந்து அதில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"கீழ்ப்பல் இல்லாம மேல்பல் எதைய்யா மெல்லும்?" என்றார் அச்சுக்காரர். "எதிர்க்க ஆள் இருந்தாத்தான் உன் பதில் எடுபடும். ஆள் இல்லேன்னா நீயே ஒண்ணு செஞ்சுக்கோ. முப்பது வருஷமா அதைத்தானே பண்றே?"

அப்படித்தான் சந்தேகி பிறந்தான். ஒரு பழைய சிம், கறுப்புக் கண்ணாடி போட்ட பூனைப் படம்.

"கடவுள் இருந்தால் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை?" என்று சந்தேகி கேட்டான்.

"காற்று தெரிகிறதா?" என்று பல்செட்டுக்காரர் மடக்கினார். ஏழு லைக் விழுந்தது. சக்கரமும் படித்திருந்தது.

மனுஷன் அதோடு நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது! முப்பது வருடத்தில் ஒரு செட்டைக்கூட மட்டமாகச் செய்தறியாத கை அது. மட்டமான கேள்வியை வெளியே அனுப்பக் கூசியது. ஒவ்வொரு கேள்வியையும் உட்கார்ந்து ராவி ராவிக் கூராக்கினார். அதிலும் நல்ல செட்டு வேண்டுமென்றால் நிஜ வாயில்தான் அளவெடுக்க வேண்டும்.

ஒரு மாலை, பிரார்த்தனை முடிந்ததும் மனைவியைக் கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டு அவ்வளவு நேரம் அப்படி என்னதான் வேண்டுறே?"

"வேற என்ன? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னுதான். ரெண்டு வருஷமா வேற எதுவும் கேட்டதில்ல."

இவர் போனை எடுத்து, அந்த அளவை அப்படியே சந்தேகிக்குக் கொடுத்தார்.

"ஒருத்தி தினமும் ஒரே விஷயத்தை வேண்டுகிறாள். அதுவும் தனக்காக இல்லை. இரண்டு வருடமாகியும் பதில் இல்லை. கேட்க ஆள் இல்லையா? இல்லை, கேட்டுக்கொண்டே சும்மா இருக்கிறாரா?"

நூற்றுப் பன்னிரண்டு லைக்!

பதறிப்போய்ப் பதில் போட்டார். "பொறுத்தார் பூமி ஆள்வார்." இரண்டு லைக். அதில் ஒன்று சந்தேகியுடையது. "பழமொழி எல்லாம் பதில் ஆகாது ஐயா" என்று ரோஜாப்பூக்காரரே திட்டினார்.

அன்றைக்குத்தான் சக்கரம் முதல்முறையாக வாயைத் திறந்தது. "இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க."

ஐயோ, அவன் கேட்கிறானே! பல்செட்டுக்காரர் வேலை மேஜையில் உட்கார்ந்தே ஒன்பது பதில் எழுதினார். ஒன்றும் அந்தக் கேள்வியோடு பொருந்தவில்லை. மேஜையில் இருந்த செட்டும் பொருந்தவில்லை. மறுநாள் டாக்டர் போனில் கத்தினார். "என்னய்யா செஞ்சு அனுப்பியிருக்கே? இந்தம்மா திறந்த வாயை மூட முடியாம உக்காந்திருக்காங்க!"

சந்தேகியைத் தோற்கடித்துவிடுவது என்று முடிவு செய்தார். "நான் தோற்றேன். கடவுள் உண்டு" என்று சந்தேகி எழுதினான்.

"யாரோ மிரட்டி எழுத வெச்சிருக்காங்க!" என்று குழு கொந்தளித்தது.

பயந்துபோய், அந்தப் பழைய சிம்மிலிருந்தே சந்தேகியைக் குழுவை விட்டு வெளியேற வைத்தார். அரைமணி நேரத்தில் குழுவின் பெயர் 'சந்தேகி எங்கே?' என்று மாறியது. ஆளாளுக்குக் கறுப்புக் கண்ணாடிப் பூனையைப் படமாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த அமளி நடந்த நாளெல்லாம் ஏழு மணிக்கு மனைவி ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தலை வலிக்குது, நீங்க வேண்டிக்கோங்க." "துணி மடிக்கணும், நீங்க ஆரம்பிங்க." இவர் போனிலிருந்து பார்வையை எடுக்காமலே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை, சந்தேகியை மிரட்டி விரட்டியது இவர்தான் என்று நிர்வாகி இவரைக் குழுவிலிருந்து நீக்கினார். தான் கட்டிய பல் தன்னையே கடித்துவிட்டது. நீக்கப்படுவதற்கு முன் இவர் கண்ணில் பட்ட கடைசி வரி சக்கரம் எழுதியது. "சந்தேகி கேட்டது நியாயம்தான். பதில் இல்ல."

அன்று மாலை ஏழு மணிக்கு மூன்று நாற்காலிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேண்ட வாய் வரவில்லை. பிள்ளை திரும்பி வரக் கொஞ்சநஞ்சம் இருந்த வழியையும் தன் கையாலேயே அடைத்துவிட்டோமே என்று அழுகை முட்டியது. அழுதே விட்டார்.

வேலை முடிந்து வந்த மகன் வாசலில் நின்று பார்த்தான். பையைக் கீழே வைத்தான். மூன்றாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"என்னப்பா ஆச்சு?"

இரண்டு வருடம்! பல்செட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அடியே, இங்க வா! இவன் பேசிட்டான்! நீ வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு!"

"நல்லது" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நீங்க பேசிக்கிட்டிருங்க. எனக்கு வேலை இருக்கு."

இவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருடா. அந்தச் சந்தேகி நான்தான். உன்னைத் திருப்பிக் கொண்டு வரத்தான் அவனை உண்டாக்கினேன். கடைசில பதிலே இல்லேன்னு உன்னையே எழுத வெச்சுட்டேன்."

"யாருப்பா சந்தேகி?"

"நடிக்காதேடா! குழுவுல சைக்கிள் சக்கரம் போட்டுக்கிட்டு, மத்தியானம் மூணு மணியானா படிப்பியே!"

"மூணு மணிக்கு நான் கிடங்குல இருப்பேன். உள்ள போன் கொண்டுபோகவே விட மாட்டாங்க." மகன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் நம்பர் மாத்தி எட்டு மாசம் ஆச்சுப்பா. அந்தப் பழைய நம்பரும் போனும் அம்மாகிட்டதான் இருக்கு."