சாவி என் சட்டைப்பையில் இருந்தது

நான் ஒரு காரின் மீது மோகம் கொண்டிருந்தேன் என்றால் என்னிடம் படித்தவர்கள் நம்பமாட்டார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்து, ஒரு நாளும் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிடாமல் ஓய்வு பெற்றவன் நான். என் மதிப்பைக் காத்துக்கொள்வதற்காகவே இந்நிகழ்ச்சியை இதுவரை எழுதாமல் இருந்தேன். ஆனால் என் வீட்டார் இதை உறவினர் அனைவரிடமும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். காப்பதற்கு இனி மிச்சமேதும் இல்லை; விவரங்களாவது சரியாக இருக்கட்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூர் பிரேசர் டவுனில் வாடகை வீடு. வீட்டில் அம்மாவும், அப்பா காலமான பிறகு எங்களை ஆள்வதற்கென்றே வந்து சேர்ந்த அத்தையும். எங்கள் தெருக்கோடியில் தேவசகாயம் என்ற ஓய்வு பெற்ற அரசு மருத்துவர் இருந்தார். அவர் வீட்டு ஷெட்டில்தான் அது நின்றது.

ஜெர்மனியில் செய்த டீசல் கார். பத்துப் பன்னிரண்டு வயதாகியும் அதன் கருநீல உடம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தந்த நிறத்தில் பெரிய ஸ்டியரிங். மெருகேற்றிய மரப்பலகையில் பதித்த கடிகாரம். நம்பினால் நம்புங்கள், அந்தக் கடிகாரம் ஓடியது! தோல் இருக்கையில் அமர்ந்தால் ஏதோ ஒரு சமஸ்தானம் நம் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றும். கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவைச் சாத்துவதுபோல் ஒரே ஒரு 'டப்'. அக்காலத்தில் டீசல் என்பது லாரிகளும் பேருந்துகளும் குடிக்கிற எண்ணெய். அதைக் குடித்துவிட்டு அரசகுமாரனைப்போல் நடந்துகொண்ட ஒரே வண்டியை நான் அங்குதான் கண்டேன். அதன் எஞ்சின் அவசரப்படாது, 'தட... தட...' என்று கனமாக, நிதானமாக, எவருக்கும் பணியாமல் பேசும். என்னைப் போலவே என்று நினைத்துக்கொள்வேன். (கர்வத்துக்கு ஓர் அளவு வேண்டாமா!)

ஞாயிறுதோறும் டாக்டர் மெல்லிய தோல் துண்டால் அதைத் துடைக்கும்போது நான் அருகில் நின்று பார்ப்பேன். அவர் சொல்வதைக் கேட்க வேறு ஆள் இல்லாததால் அவருக்கும் என்மேல் பிரியம்.

இப்போது என் நிலைமையைச் சொல்லவேண்டும். அதுவரை இரண்டு இடங்களில் பெண் பார்த்து, இரண்டிலும் மறுக்கப்பட்டிருந்தேன். முதல் வீட்டார், "மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டேங்கிறாரே" என்றார்கள். இரண்டாம் வீட்டார் காரணம் சொல்லாமலே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்க்கவிருந்த பெண், வசந்தா. பள்ளி ஆசிரியை. ஒரு பேச்சுப் போட்டிக்கு நான் நடுவராகப் போயிருந்தபோது, தன் மாணவியருடன் வந்திருந்த அவள், என் தீர்ப்பில் இருந்த பிழையை எல்லார் முன்னிலையிலும் எடுத்துக் காட்டினாள். நான் அதிர்ந்துபோனேன். ஒரு வாரம் கழித்து, அந்தப் பெண்ணைத் தவிர வேறு எவரையும் மணக்கும் எண்ணம் எனக்கில்லை என்று அம்மாவிடம் நானே சொல்லும் அளவுக்கு அந்த அதிர்ச்சி நீடித்தது.

அவளுடைய தந்தை கோவிந்தசாமி, அரசுப் பேருந்துப் பணிமனையில் ஃபோர்மன். அத்தைக்கு அது உறுத்தியது.

"போயும் போயும் பஸ் டிப்போக்காரர் வீடா? சரி, போறதுதான் போறோம், ஜம்முனு போவோம். அந்த டாக்டர் வண்டியைக் கேளுடா நாகு."

கேட்டேன். டாக்டர் மகிழ்ச்சியோடு இசைந்தார். ஞாயிறு காலை முன் இருக்கையில் என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"சார், இந்த நாப்பை இழுத்துப் பிடிக்கணும். இதோ இந்தக் கம்பி சிவக்கிற வரைக்கும் வெயிட் பண்ணணும். அப்புறம் இன்னும் கொஞ்சம் இழுத்தா ஸ்டார்ட் ஆகும்."

"தெரியும், டாக்டர்."

"நிறுத்தும்போது மட்டும்..."

"தெரியும், டாக்டர்."

அவர் கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "தெரியுமா? வெரி குட். நிறைய பேருக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. நண்பன் ஒருவனுடைய பெட்ரோல் காரில் ஓட்டக் கற்று உரிமம் பெற்றவன் நான். ஆனால் விரிவுரையாளன், ஒரு வண்டியை நிறுத்துவது எப்படி என்று பாடம் கேட்பதா?

எஞ்சினை அணைக்காமலே அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அல்சூர் ஏரிக்கரையில் போகும்போது மக்கள் நின்று பார்த்தார்கள். அத்தை, அறிமுகமே இல்லாத மனிதர்களை நோக்கித் தலையசைத்துக்கொண்டு வந்தாள். விவேக் நகரில் ஒரு குறுகிய தெரு. வாசலில் கோவிந்தசாமி வெள்ளை வேட்டியும் கைகூப்பலுமாக நின்றார். வண்டியை அழகாக ஓரங்கட்டினேன். கை பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருகி எடுத்து, சட்டைப்பையில் இட்டு, கம்பீரமாக இறங்கினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மீண்டும் உள்ளே குனிந்து சாவியைச் செருகித் திருகி எடுத்தேன். 'தட... தட...' இன்னொரு முறை. 'தட... தட...' காரணத்தை நீக்கினால் காரியமும் நீங்கும் என்று மூன்றாண்டுகளாக வகுப்பில் கற்பித்தவன் நான். காரணம் என் கையில் இருந்தது. காரியம் தெருவில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது.

"என்னடா வண்டியையே பார்த்துட்டு நிக்கிறே? நல்ல நேரம் போகுது, உள்ள வா" என்றாள் அத்தை.

"வாங்க, வாங்க" என்றார் கோவிந்தசாமி. "தம்பி, வண்டி ஓடிட்டே இருக்குதே?"

வகுப்பறைக் குரலில் நான் சொன்னேன்: "இருக்கட்டும். இவ்வகை எஞ்சின்களை உடனே அணைப்பது முறையன்று. சூடு படிப்படியாகத் தணிய வேண்டும்."

"ஓ... அப்படிங்களா?" அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நல்லதுங்க."

உள்ளே போய் அமர்ந்தோம். ஒருமுறை பாயில் உட்கார்ந்துவிட்டால், பெண்ணைப் பார்க்காமல் மாப்பிள்ளை எழுந்திருப்பது அபசகுனம். எழுந்து வெளியே போனால் வேண்டாம் என்று அர்த்தம். ஆகவே நான் கட்டுண்டேன். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தட்டில் வைத்த தண்ணீர்த் தம்ளர்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, சந்தித்து, கிணுகிணுத்தன. பேசுவோரெல்லாம் எதிர்க்கரையில் நிற்பவரை அழைப்பதுபோல் பேசவேண்டியிருந்தது.

"எங்க நாகு வாங்கின வண்டி!" என்று கூவினாள் அத்தை. "வேற யாரையும் தொட விடமாட்டான்!"

அம்மா தரையைப் பார்த்தாள். நான் மறுத்திருக்கவேண்டும், பஜ்ஜியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தெருவில் ஒரு குரல் எழுந்தது.

"தண்ணி லாரி வந்துடுச்சுடீ!"

அந்தக் கோடையில் அப்பகுதிக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. அடுத்த நிமிடம் ஜன்னல் வழியே கண்ட காட்சி என் எதிரிக்கும் வாய்க்கவேண்டாம். குடங்களும் தகர டின்களும் அண்டாக்களுமாகப் பெண்கள் ஓடிவந்து, டாக்டரின் கருநீலச் செல்வத்தின் பின்புறம் வரிசை கட்டினார்கள்.

"நீரு பந்தா? லாரி எல்லி?" என்று, தண்ணீர் வந்ததா, லாரி எங்கே எனக் கன்னடத்தில் கேட்டபடி ஒருத்தி தேடினாள்.

"லாரி இல்லக்கா, காரு!"

"காருன்னா எதுக்கு இந்தச் சத்தம் போடுது?"

"வயித்துக்கு ஒத்துக்கலையோ என்னவோ."

பெருஞ்சிரிப்பு. பிறகு கணீரென்று ஒரு குரல்: "ஏ பிலோமினா, விஷயம் தெரியாதா? நம்ம வசந்தாவைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. மாப்பிள்ளை வண்டியை நிறுத்தவே இல்ல. பிடிக்கலைன்னா ஒரே ஓட்டமா ஓடிடலாம்னுதான்!"

அந்தக் கணம்வரை என் மானம் மட்டுமே போய்க்கொண்டிருப்பதாக எண்ணியிருந்தேன். கோவிந்தசாமியின் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அது மாறியிருந்தது. தெருவே கேட்கும்படி அவர் மகளை நான் அவமதித்துக்கொண்டிருந்தேன்.

காப்பித் தட்டுடன் வசந்தா வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். வழக்கப்படி உள்ளே போகாமல் என் எதிரே நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

"பொண்ணு பேசுதே!" என்றாள் அத்தை, அம்மாவின் முழங்கையைப் பற்றிக்கொண்டு.

"சாவி உங்க சட்டைப்பையில இருக்கு, வெளிய தெரியுது. வண்டி ஓடிட்டிருக்கு. தெருவே சிரிக்குது. பிடிக்கலைன்னா ஓடறதுக்காக அப்படி விட்டு வெச்சிருக்கீங்களா, இல்ல நிறுத்தத் தெரியலையா?"

மூன்றாவது வழி இல்லாத கேள்வி. முதலாவதை ஒப்புக்கொண்டால் அவளை இழப்பேன். இரண்டாவதை ஒப்புக்கொண்டால் என்னையே இழப்பேன். சூடு தணியும் கொள்கையை இன்னும் விரிவாக எடுத்துரைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வேறொன்று வெளிவந்தது.

"தெரியலை."

தெரியவில்லை என்றுகூட இல்லை, தெரியலை! என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். திறந்த வாய் மூடவுமில்லை: "வண்டியும் என்னுடையது அல்ல. எங்கள் தெருக்கோடி டாக்டருடையது."

அத்தைக்குக் காப்பி புரையேறியது.

வசந்தா தந்தையைப் பார்த்தாள். "அப்பா, போய் நிறுத்துங்க."

"எனக்கு முட்டி வலிக்குதும்மா. நீயே போய் நிறுத்து" என்றார் அவர்.

பட்டுப்புடவையைச் சற்றே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் குடங்களுக்கிடையே நடந்தாள். கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, எதையோ ஒரே ஓர் இழுப்பு. வண்டி ஒருமுறை குலுங்கிப் பெருமூச்சு விட்டு அடங்கியது. தெருப்பெண்கள் குடத்தைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். "பெட்ரோல் வண்டிக்குச் சாவி போதும் தம்பி. டீசலுக்கு எண்ணெய் போறதை நிறுத்தணும். அதுக்குத்தான் தனியா ஒரு நாப். எங்க டிப்போவுல எழுவது வண்டி தினம் அப்படித்தான் நிக்குது. இவளுக்கு நான் எட்டு வயசுல காமிச்சுக் குடுத்தது."

"அப்படியானால் வந்தவுடனே நீங்கள்..."

"சூடு படிப்படியாத் தணியணும்னு சொன்னீங்களே. எவ்வளவு நேரத்துல தணியுதுன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

பிறகு அவர் வாசலுக்கு வந்தார். முட்டி வலி மாயமாய் மறைந்திருந்தது. வண்டியை ஒருமுறை சுற்றினார். பானெட்டைத் திறந்து, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் எஞ்சின்மேல் கை வைத்தார். "என்னமா வெச்சிருக்காரு மனுஷன்! எங்க வண்டிங்க இருமும் தம்பி. இது பேசுது" என்றார். கதவைத் திறந்து 'டப்' என்று சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார். அவர் கண்களில் ஞாயிறுதோறும் என் கண்களில் இருந்த அதே மயக்கம். நல்ல நேரம் முடிந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அத்தை உள்ளே நாலாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். என் கல்யாணம் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. "குடம் எதுவும் பம்பர்ல படலியே?" என்றுதான் கேட்டார். பட்டிருந்தது, அரை அங்குலக் கீறல். மூன்று ஞாயிறுகள் அதை நான் மெருகேற்றினேன். நான்காவது ஞாயிறு, நான் மெருகேற்றிய இடத்தை மெருகேற்றினார் அவர்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் நாள், கோவிந்தசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது ஜாதகமும் திரும்பி வருகிறது என்று முடிவுகட்டி, அதை வாங்கக் கையை நீட்டிவிட்டேன். அவர் கையில் வெற்றிலை பாக்கும் பழமும் இருந்தன.

"பொண்ணு சரின்னுட்டா தம்பி. வண்டி விஷயத்துல ஒரு பொய் சொன்னாரு, அத்தை சொன்ன பொய்க்குச் சும்மா இருந்தாரு. மூணாவது பொய் சொல்ல வாயைத் தொறந்து, சொல்லாம விட்டாரு. அது போதும்னா."

எங்களுக்குத் திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அத்தகைய காரை நான் வாங்கியதே இல்லை; டாக்டர் காலமான பின் அது எங்கே போயிற்று என்று விசாரிக்கும் துணிவும் எனக்கு வரவில்லை. என் வீட்டிலோ பிள்ளைகள், மருமக்கள் அனைவரும் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுவார்கள். நான் கவனியாதவன்போல் இருந்துவிடுவேன்.

சென்ற மாதம் பேரன் தன்னுடைய புதிய காரில் எங்களை அழைத்துச் சென்றான். ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் நின்றபோது, எவரும் எதையும் தொடாமலே எஞ்சின் தானாக அணைந்தது. நான் பயந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

"தாத்தா, ஏன் நின்னுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான் அவன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இவ்வகை எஞ்சின்களில்..."

பின் இருக்கையிலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது: "தெரியலைன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை சொன்னதுக்கே பொண்ணு குடுத்தாங்க."