பரமு அண்ணையைக் காக்க வைத்த எண்ணெய்

எண்ணெய் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்ததுதான் நான் செய்த மிகப் பெரிய குற்றம். பொலிஸில் பதியப்படாத குற்றம். ஆனால் ஹம்பேர்க்கில் எங்களைத் தெரிந்த தமிழ்ச் சனம் முழுவதும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

எனக்கு அந்தத் திமிர் சும்மா வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவன் நான். நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு, பத்துத் தரம் உதைத்து, ஊரெல்லாம் புகை பரப்பிக்கொண்டு போவேன். அப்படிப்பட்டவனுக்கு ஜெர்மன் கார் எம்மாத்திரம்? (இப்படித்தான் நினைத்தேன். சிரிக்க வேண்டாம்.)

ஒரு ஒக்டோபர் மாதம், குளிருக்கு முன்னால் காருக்கு எண்ணெய் மாற்றப் போனேன். கடைத் தட்டில் ஒரு போத்தலில் சைபர், ஒன்றில் ஐந்து, ஒன்றில் இருபது என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் டபிள்யூ எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். மீதி எல்லாம் என் சொந்த ஆராய்ச்சி. கோடையில் மெல்லிய சேர்ட் போடுகிறோம், குளிருக்குத் தடித்த ஜக்கெற் போடுகிறோம். அப்படியென்றால் காருக்கும் குளிரில் தடித்த எண்ணெய்தானே வேண்டும்? ஐந்து பெரிதா, இருபது பெரிதா? பழைய கார்களுக்கென்று வைத்திருந்த 'இருபது-ஐம்பது' எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கட்டடத்தில் எங்களுக்குக் கீழ் மாடியில் இருந்தவர் பரமு அண்ணை. அவருடைய ஒரே பிள்ளை ஆரணிக்கு அப்போது பத்தொன்பது வயது. கார் திருத்தும் இடத்தில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வாசலில் என் கையில் இருந்த கானைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மாமா, உதை ஊத்தாதேங்கோ. குளிருக்கு சைபர், இல்லாட்டி அஞ்சு. இது இஞ்சத்தப் பள்ளிக்கூட ஷூல்நோட்ட மாதிரி மாமா. ஒண்டு எடுத்தால் கெட்டிக்காரன், ஆறு எடுத்தால் ஃபெயில். குறைஞ்ச நம்பர்தான் நல்லது."

"பிள்ளை, நான் மண்ணெண்ணெயில ஓடினவன். எனக்கோ எண்ணெய் சொல்லித் தாறாய்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். என் மனைவி மட்டும் குளியலறையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். அது கட்டியாகி, அறையைச் சூடாக்கும் ஹைசுங்குக்கு மேலே வைத்தால்தான் இளகும் நிலையில் இருந்தது. "இதைப் பாத்தும் விளங்கேல்லையே?" என்று கேட்டாள். தலைக்கு வைக்கிறது வேறு, காருக்கு ஊற்றுகிறது வேறு என்று விளக்கம் கொடுத்தேன். டிசம்பரும் ஜனவரியும் மழையோடு போயின. கார் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. ஆரணியைப் படிக்கட்டில் கண்டால் ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரிப்பேன்.

பெப்ரவரியில் பரமு அண்ணை மாரடைப்பில் செத்துப்போனார். காலையில் வேலைக்குப் போனவர், பின்னேரம் இல்லை.

ஜெர்மனியில் செத்தவருக்கும் டெர்மின் உண்டு, குறித்த நேரம். எரிக்கும் இடத்து மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது காலை பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரைதான். அதற்குப் பிறகு அடுத்த குடும்பம். ஆண்பிள்ளை இல்லாதபடியால் கிரியையை ஆரணியே செய்வதென்று முடிவாகியிருந்தது. பரமு அண்ணையின் காரில் ஒரு சொந்தக்காரர் ஐயரை ஏற்றப் போனார். என் மனைவி சமையல் பக்கம் போய்விட்டாள். ஆரணியையும் தாய் ராணி அக்காவையும் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பை நானே முன்வந்து எடுத்தேன்.

"டாக்ஸிக்குச் சொல்லி வைப்பம் மாமா," என்றாள் ஆரணி.

"நான் இருக்கேக்கை டாக்ஸியோ? சனம் என்ன சொல்லும்?"

கிரியை நாள் காலை பார்த்து மைனஸ் பதினான்கு பாகை. ஹம்பேர்க்கில் அப்படிக் குளிர் வருவது அபூர்வம். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குக் கார்த் திறப்பைத் திருப்பினேன். கார் 'ஊம்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. இரண்டாந்தரம் அரை முனகல். ஐந்தாந்தரம் பற்றரியும் படுத்துவிட்டது. பின் சீற்றில் ராணி அக்கா கணவரின் வாய்க்கரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

ஆரணி இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, பொனற்றைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்து எடுத்தாள். எண்ணெய் சொட்டவில்லை. ஆறிப்போன ஒடியல் கூழ் மாதிரிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"மாமா, எதை ஊத்தினியள்?"

"இருபது... ஐம்பது."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தகப்பன் அங்கே பெட்டிக்குள் கிடக்க, மகள் இங்கே என் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள்.

டாக்ஸிக்குப் போன் அடித்தால் முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். எஸ்-பான் ரயிலுக்கு ஓடினோம். சேலைக்கு மேல் பெரிய ஜக்கெற்றோடு ராணி அக்கா பனிக்குள் வழுக்கி வழுக்கி நடந்தார். ரயில் பெட்டிக்குள் அவர் பேசியது ஒரே ஒரு கேள்விதான், மூன்று தரம்.

"இன்னும் எத்தினை ஸ்டேஷன் தம்பி?"

மூன்று தரமும் பதில் சொன்னேன். மூன்று தரமும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது பத்தரை. இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது, பெட்டியில் கிடந்தவரைத் தவிர. கதவோரம் கறுப்புக் கோட் போட்ட ஜெர்மன்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணித்தியாலக் கிரியையை ஏற்கெனவே முக்கால் மணிக்குள் சுருக்கி வைத்திருந்த ஐயர், இப்போது அதைக் கால் மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. மந்திரத்தை மூச்சு விடாமல் சொன்னார்.

வாய்க்கரிசி போட ஆரணி கையை நீட்டினாள். விரல்களில் என் காரின் எண்ணெய். ரயிலில் கடதாசியால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருந்தாள், போகவில்லை. ஐயர் தயங்கினார்.

"பரவாயில்லை ஐயா," என்றாள். "அப்பாக்கு இந்தக் கை தெரியும்."

பரமு அண்ணை தினமும் பின்னேரம் மகளின் நகத்தைப் பார்த்து, "மெக்கானிக் அம்மா வந்திட்டா," என்று பகிடி பண்ணுவார். அது எனக்கும் தெரியும். நான் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பத்தே முக்காலுக்குக் கறுப்புக் கோட்காரர் மெல்லச் செருமினார். பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள்.

இப்போது ஆரணி தொழிலில் மேல்தகுதியான மைஸ்டர் பரீட்சையும் எடுத்து, சொந்தமாகக் கார் திருத்தும் இடம் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஒக்டோபரும் கேட்காமலே என் காரை வாங்கிக்கொண்டு போய் எண்ணெய் மாற்றித் தருவாள். சனத்துக்கு என் பெயரே மறந்துவிட்டது. "இருபது-ஐம்பது வாறார்" என்றுதான் கல்யாண வீட்டிலும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஏன் என்றும் தெரியாது.

வருஷா வருஷம் பரமு அண்ணையின் திவசத்துக்குப் போவோம். சாப்பாடு முடிந்ததும் யாராவது கதையைத் தொடங்கிவிடுவார்கள். கடைசி வரியை ராணி அக்காதான் சொல்ல வேண்டும், வேறு யாரையும் சொல்ல விடமாட்டார்.

"இருபத்தைஞ்சு வருஷமா நான் சேலை கட்டி முடியும் மட்டும் மனுசன் கீழ காருக்குள்ள இருந்து ஹோர்ன் அடிப்பார். அண்டைக்கும் காத்துக்கொண்டுதான் கிடந்தவர். ஹோர்ன் சத்தம்தான் கேக்கேல்லை."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆரணியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிறகு ஜக்கெற்றை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய், காரை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.