ஆறாம் நம்பர் ஹீட்டரும் மொட்டை மாடிப் புகையும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. ஜாபர் பாய் பேக்கரியில ஓவனுக்கு புது கன்ட்ரோல் பேனல் மாட்டணும். மாட்டிட்டு, சுவிட்ச் போட்டுட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வரணும்.

கடைசில அந்த டீ கூட குடிக்கல.

பட்டன் மொபைல் காலம் அது. வேங்கிக்கால்ல சின்னதா ஒரு கடை வச்சிருந்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர், பம்ப் செட் பேனல், இந்த மாதிரி வேலைங்க. பெரிய ஆளாகணும்னு ஆசைப்பட்டு விசிட்டிங் கார்டு அடிச்சேன். "இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன்"னு எழுதிக் குடுத்தேன். பிரஸ்காரர் எடம் பத்தலன்னு "ஆட்டோ"வை ஒரு வரியிலயும் "மேஷன்"னை அடுத்த வரியிலயும் போட்டுட்டாரு.

அப்புறம் வந்த போன் எல்லாம் ஆட்டோக்காரங்க கிட்டேர்ந்துதான். "அண்ணே, கிளட்ச் வயர் பாப்பீங்களா?"

அப்படி இருந்தவனுக்கு ஒரு பேக்கரி ஓவன் கெடைச்சா விடுவேனா!

ஜாபர் பாய்க்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கீழ பேக்கரி, மேல லாட்ஜ். தாத்தா காலத்துலேர்ந்து ரொட்டி வியாபாரம். ஓவன்ல எட்டு ஹீட்டர். அதை ஆன் ஆஃப் பண்ற பழைய கான்டாக்டருங்க பௌர்ணமிக்கு மொத நாள் மொத்தமா கருகிப் போச்சு. மறுநாள் கிரிவலம் வர்றவங்களுக்கு அடி அண்ணாமலைகிட்ட பன்னு குடுக்கறதா ஒரு அன்னதானக் குழு ஆர்டர் குடுத்திருந்தது. சாயந்தரம் வேன் வந்துடும்.

"தம்பி, பழசு மாதிரி வேணாம். நல்லதா ஒன்னு போடுங்க"ன்னாரு பாய்.

சாலிட் ஸ்டேட் ரிலேன்னு ஆரம்பிச்சேன். நீங்க பயப்படாதீங்க, ஹீட்டருக்கு ஒரு சுவிட்ச், அவ்ளோதான். பழசு டக்கு டக்குனு அடிச்சிக்கும். இது மூச்சே விடாது. அதுலயும் நான் வாங்கிட்டு வந்தது நெட்வொர்க் ரகம். எல்லா ரிலேவையும் ஒரே வயர்ல கோத்துடலாம். ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். கன்ட்ரோலர் "மூணு, நீ எரி"ன்னா மூணு எரியும். "அஞ்சு, நீ படு"ன்னா அஞ்சு படுத்துடும்.

"எல்லாம் ஒரே வயர்ல பேசிக்கும் பாய்!"

"குடும்பத்துல நாலு பேரு ஒரே வயர்ல பேசினாலே சண்டை வருது தம்பி."

"இது மெஷின் பாய்."

"சரி, அப்ப மேல லாட்ஜ் வெந்நீர் டேங்க்ல ஒரு ஹீட்டர் இருக்கு, அதையும் இதுலயே கோத்துடுங்க. முருகேசன் ஆன் பண்ணிட்டு ஆஃப் பண்ண மறந்துடறான்."

முருகேசன் லாட்ஜ் மேனேஜர்.

"தாராளமா! ஓவன் ஒன்னுலேர்ந்து எட்டு. டேங்க் ஒன்பதாம் நம்பர்"னேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலைலயே போயிட்டேன். மொத சிக்கல் அங்கதான். பேனல் பொட்டியில வயர் போற ஓட்டை எல்லாம் அடிப்பக்கம். பேக்கரியில கேபிள் வர்றதோ மேலேர்ந்து. புதுசா ஓட்டை போட்டா இரும்புத்தூள் மாவுல விழும்.

யோசிச்சேன். பொட்டியையே தலைகீழா திருப்பி செவுத்துல மாட்டிட்டேன்!

பாய் பாத்துட்டு, "தம்பி, பொட்டி சிரசாசனம் பண்ணுதே?"ன்னாரு.

"கரன்ட்டுக்கு தலை ஏது, கால் ஏது பாய்!"

இந்த டயலாக்கை நான் சொன்னப்ப எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்தது.

ஒவ்வொரு ரிலே மேலயும் சட்டை பட்டன் சைசுல ஒரு டயல். ஸ்க்ரூ டிரைவரால திருப்பி நம்பர் வைக்கணும். நம்பர் எல்லாம் தலைகீழாத்தான் தெரிஞ்சுது. அதனால என்ன? ரெண்டு தலைகீழா நின்னாலும் ரெண்டுதான். நாலு குட்டிக்கரணம் போட்டாலும் நாலுதான். படிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? மடமடன்னு ஒன்பதையும் வச்சு, மெயினைப் போட்டேன்.

ஒரு சத்தமும் இல்ல.

பேக்கரி மாஸ்டர் செல்வம் ஓவன் பக்கத்துல காதை வச்சாரு. ஆளு நல்ல உசரம், தொப்பி கூரையில இடிக்கும். "சார், ஓடுதா?"

"ஓடுது மாஸ்டர்."

"சத்தமே காணோமே?"

"அதான் டெக்னாலஜி."

மாஸ்டர் நம்பல. ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வந்து, பேனலுக்கு கீழ வச்சு, ரெண்டு கையாலயும் கும்பிட்டுட்டு, மொத டிரே பன்னை உள்ள தள்ளினாரு.

கொஞ்ச நேரத்துல இன்டர்காம் அடிச்சுது. மேலேர்ந்து முருகேசன்.

"சார், சூப்பர் சார்! வெந்நீர் பிரமாதமா வருது. கெஸ்ட் எல்லாம் குஷி."

நான் பாயைப் பாத்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

மாஸ்டர் மொத டிரேவை வெளிய எடுத்தாரு. பன்னு மேல தங்கக் கலர்ல பளபளன்னு இருந்தது. ஒன்னை எடுத்துத் திருப்பிப் பாத்தாரு. அடிப்பக்கம் வெள்ளை வெளேர்னு, விரலை வச்சா விரல் உள்ள போகுது.

"மேல பன்னு சார். கீழ மாவு."

அடிச்சூடுன்னா ஆறாம் நம்பர். கன்ட்ரோலர்ல பாத்தேன். ஆறுல சூடு கம்மின்னு காட்டுது. "கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும்"னு ஏத்தி விட்டேன்.

இன்டர்காம்.

"சார், வெந்நீர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"வெந்நீர்னா சூடாத்தான் இருக்கும் முருகேசன். பச்சைத் தண்ணி கலந்துக்கச் சொல்லுங்க."

அடுத்த டிரே. அதே கதை. மேல தங்கம், கீழ களி.

இன்னும் ஏத்தினேன்.

இன்டர்காம்.

"சார், ரெண்டாவது மாடி ஆந்திராக்காரங்க குழாய்ல தண்ணி புடிச்சு, காப்பித்தூள் போட்டுக் குடிக்கறாங்க சார்."

"நல்லதுதானே? ரூம் சர்வீஸ் மிச்சம்!"

"நல்லாத்தான் இருக்காம். எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க."

மூணாவது டிரேக்கு மாஸ்டர் எலுமிச்சம்பழத்தைத்தான் மாத்தி வேற வச்சாரு. நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆறாம் நம்பரை எவ்ளோ ஏத்த முடியுமோ அவ்ளோ ஏத்தினேன். ஓவனோட ஆறு ஏறவே இல்ல. இறங்குது!

இன்டர்காம். இந்த தடவை முருகேசன் குரலே வேற மாதிரி.

"சார், பிளாஸ்டிக் மக்கு வளைஞ்சு போச்சு சார்!"

பின்னாடி யாரோ ஒரு பெரியவர் தெலுங்குல கத்தறது கேட்டுது. "பாபு, இதி நீள்ளா, நிப்பா?" இது தண்ணியா நெருப்பான்னு கேக்கறாரு. கட்டை விரலை மட்டும் வச்சுப் பாத்தாராம், தப்பிச்சாரு.

"குழாயை மூடச் சொல்லுங்க முருகேசன். இங்க நானே டென்ஷன்ல இருக்கேன்"னு போனை வச்சுட்டேன்.

ரெண்டுத்தையும் சேர்த்து யோசிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கீழ ஒன்னு சூடாக மாட்டேங்குது, மேல ஒன்னு சூடு தாங்க மாட்டேங்குது. நடுவுல நின்னுக்கிட்டு நான் ஹீட்டர்ல கோளாறு, மாவுல கோளாறு, மாஸ்டர்ல கோளாறுன்னு தேடிட்டிருக்கேன்.

மூளை வேலை செய்யல. சரி, ஒரு டீ குடிச்சாத்தான் ஓடும்னு வெளிய வந்தேன்.

ரோடு அடைச்சிக்கிட்டு கூட்டம்!

பௌர்ணமின்னா கூட்டம்தான். ஆனா இந்தக் கூட்டம் நடக்கல. நின்னு, அண்ணாந்து பாத்துட்டு இருந்தது. சில பேரு கன்னத்துல போட்டுக்கறாங்க. பூக்காரம்மா கூடையை எறக்கி வச்சிட்டு கண்ணை மூடிட்டு நிக்குது. ஒருத்தர் தரையிலயே சூடம் ஏத்திட்டாரு.

நானும் அண்ணாந்து பாத்தேன். லாட்ஜ் மேலேர்ந்து வெள்ளைவெளேர்னு புகை. நேரா எழும்பி, பின்னாடி நிக்கற மலை உச்சியைத் தொடற மாதிரி போகுது.

"அண்ணாமலையானுக்கு அரோகரா!"ன்னு யாரோ கத்துனாங்க.

"அரோகரா!"ன்னு மொத்த ரோடும் கத்துச்சு.

நானும் கத்தினேன். கையைத் தலைக்கு மேல தூக்கி, கண்ணை மூடி, மனசார வேண்டிக்கிட்டேன். "அண்ணாமலையாரே, ஆறாம் நம்பர் மட்டும் சூடாயிடணும்."

கண்ணைத் தொறந்தேன். புகைக்கு நடுவுல இடுப்புல துண்டோட ஒரு உருவம்.

முருகேசன்!

"சார்! டேங்க் கொதிக்குது சார்! மேல் குழாய்ல ஆவி அடிக்குது! ஆஃப் பண்ணுங்க சார்!"

ஓடினேன். அந்த அரோகரா கூட்டத்துக்குள்ள புகுந்து நான் ஓடின ஓட்டத்தைப் பாத்து, அருள் வந்துடுச்சுன்னு வழி விட்டாங்க. ஒரு அம்மா என் நெத்தியில விபூதியே பூசிட்டாங்க.

உள்ள போயி மெயினை எறக்கினேன். ஓவனும் அடங்கிச்சு, டேங்க்கும் அடங்கிச்சு, நானும் அடங்கினேன்.

பாய் வந்து நின்னாரு. முருகேசன் துண்டோட வந்து நின்னாரு. மாஸ்டர் எலுமிச்சம்பழத்தோட வந்து நின்னாரு. மூணு பேரும் என் மூஞ்சியையே பாத்தாங்க. திட்டினா கூடத் தாங்கிக்கலாம்.

கையிலேர்ந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்து, பின்பக்கம் மாவு மூட்டைக்கு அடியில உருண்டுடுச்சு. திரும்பறதுக்குக் கூட வெக்கமா இருந்தது. பேனலுக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, அப்படியே குனிஞ்சு மூட்டைக்கு அடியில துழாவினேன்.

கால் இடுக்குல பேனல் தெரிஞ்சுது. நேரா!

ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... அடுத்தது ஒன்பது.

ஆறு இருக்க வேண்டிய எடத்துல ஒன்பது. ஒன்பது இருக்க வேண்டிய எடத்துல ஆறு!

ரெண்டு தலைகீழா நின்னாலும் ரெண்டுதான். ஆறு அப்படி இல்லீங்க. அது தலைகீழா நின்னா கட்சி மாறிடும்.

அப்படியே குனிஞ்ச வாக்குல எல்லாம் புரிஞ்சு போச்சு. "ஓவன் அடி குளிருது, ஆறு நீ எரி"ன்னு கன்ட்ரோலர் சொல்லுது. ஆறுன்னு பேரு வச்சிருக்கறது டேங்க் ரிலே. அது எரியுது. "டேங்க் கொதிக்குது, ஒன்பது நீ படு"ன்னு சொல்லுது. ஒன்பதுன்னு பேரு வச்சிருக்கறது ஓவன் ரிலே. அது படுத்துடுது. ஓவன் குளிரக் குளிர டேங்க் கொதிக்கும், டேங்க் கொதிக்கக் கொதிக்க ஓவன் குளிரும். நான் வேற நடுவுல ஏத்தி ஏத்தி விட்டிருக்கேன்.

"தம்பி, மயக்கமா?"ன்னு பாய் கேட்டாரு. நான் எழுந்திரிக்காததால பயந்துட்டாரு.

"இல்ல பாய். தெளிஞ்சுடுச்சு."

ரெண்டு டயலையும் திருப்பினேன். இந்த தடவை குனிஞ்சே திருப்பினேன், எதுக்கு வம்பு. மெயினைப் போட்டேன். பத்து நிமிஷத்துல ஆறாம் நம்பர் சூடு ஏறி நின்னுச்சு. அடுத்த டிரே பன்னு மேலயும் கீழயும் ஒரே கலர்ல வந்தது. மாஸ்டர் ஒன்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என்னைப் பாக்கல. எலுமிச்சம்பழத்தைப் பாத்து கும்பிட்டாரு. பேரு அதுக்குப் போச்சு.

வேன் வந்தப்ப பன்னு ரெடி. கடைசி டிரே வேனுக்குள்ளதான் ஆறுச்சு.

அடி வேகாத பன்னுங்களை என்ன பண்றதுன்னு பாய் கேட்டாரு. மாஸ்டர் யோசிக்கவே இல்ல. வாசல்ல பெரிய தோசைக்கல்லைப் போட்டு, வெண்ணெய் தடவி, அடிப்பக்கத்தை மொறுமொறுன்னு சுட ஆரம்பிச்சுட்டாரு. வெளிய நின்ன கூட்டம் இன்னும் கலையல. புகை மறுபடி வரும்னு காத்துட்டிருந்தவங்க ஆளுக்கொரு பன்னு வாங்கிக் கடிச்சிக்கிட்டே அண்ணாந்து பாத்தாங்க.

பாய் நேர்மையான மனுஷன். வாசல்ல நின்னு சத்தமா சொன்னாரு. "அம்மா, ஐயா, அது வெந்நீர் டேங்க் ஆவிங்க! வேற ஒன்னும் இல்லீங்க! கெளம்புங்க!"

பூக்காரம்மா அவரைப் பரிதாபமா பாத்துது. "பாவம், பாய்க்கே தெரியல"ன்னு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சொல்லிட்டு, மீதி பூவை லாட்ஜ் வாசல்ல வச்சுட்டுப் போச்சு.

அடுத்த பௌர்ணமிக்கு முருகேசன் எனக்கு போன் பண்ணாரு.

"சார், புகை வர்ற லாட்ஜ் இதானேன்னு கேட்டு ரூம் புக் பண்றாங்க சார். மேல எல்லாம் ஃபுல்லு."

"சந்தோஷம் முருகேசன்."

"இல்ல சார்... அந்த ஆறையும் ஒன்பதையும் ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் மாத்தி வச்சுட்டுப் போறீங்களா?"

போனை வச்சுட்டேன். அதுலேர்ந்து எட்டு ஹீட்டருக்கு மேல இருந்தா நான் வேலையே ஒத்துக்கறது இல்லீங்க.