சுத்தியல் ஜோசியம்

சனிக்கிழமை காலையில் எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. தீவனக் கடையின் பின்கட்டுக்குப் போக வேண்டும். அங்கேதான் டெல்பர்ட் ஹாஸ்கினின் சுத்தியல் ஆடும்.

ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. கவுண்டிக் கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டுகிற மரச் சுத்தியல். கைப்பிடி உடைந்து எப்போதோ தூக்கிப் போட்ட அதன் தலையை டெல்பர்ட் தூண்டில் நரம்பில் கட்டி வைத்திருந்தார். கண்ணை மூடுவார். சுத்தியல் வலமாக ஆடினால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கவுண்டியை நடத்துகிற மூன்று ஆணையர்களும் "சரி" என்பார்கள். இடமாக ஆடினால் "முடியாது". நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மகான் பணம் வாங்க மாட்டார். விறகு, மான் தொடை, வான்கோழி என்று எதைக் கொடுத்தாலும் மறுக்கவும் மாட்டார். நானே இரண்டு வண்டி விறகு கொடுத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுத்தியலுக்கு ஒரு விதி உண்டு. அது சொன்னதை எதிர்த்துக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த முறை அவர் வீட்டு விவகாரமே கவிழ்ந்துவிடும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சட்டம் போட்டு மைக் வைத்திருந்தார்கள். அது காற்று வாங்கியது. கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"நம்ம ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இருந்தா வந்து சொல்ல மாட்டாங்களா?" என்று தலைவர் லாய்ட் ஃபென்ஸ்கி பூரித்துப் போவார்.

இந்த நிலையில்தான் கட்லர் ஓடைப் பாலத்தை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. பள்ளி வண்டி ஓட்டுகிற நெடீன் ஸ்வேகரின் கணவர் ஓரினுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பாலத்தின் வழியே இருபது நிமிடப் பயணம். பாலம் இல்லையென்றால் மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம். பனி கொட்டினால் அந்த வழியும் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை நெடீன் கடைக்கு வந்தாள்.

"பாலம் என்னாகும், டெல்பர்ட்?"

"சுத்தியல் தூங்குது, தாயி. பாலத்தோட முறை வரட்டும். சனிக்கிழமை வா."

"ஏன், வெள்ளிக்கிழமை அதுக்கு என்ன வேலை?"

டெல்பர்ட் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அது நல்ல கேள்வி என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மாலை நெடீன், கவுண்டி அலுவலகம் இருக்கிற நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். டெல்பர்ட் வந்தார். வடக்கு வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அதில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு விவகாரத்துக்கும் எதிரே அதிகாரிகளின் பரிந்துரை இருக்கும்: ஏற்கலாம், நிராகரிக்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தக் குளிர்காற்றில் யார் போவார்கள்? டெல்பர்ட் போனார். நின்று, நிதானமாகச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாலம் பட்டியலில் வந்துவிட்டது. எதிரே, "மூடலாம்". டெல்பர்ட் வருவதற்கு முன்பே நெடீன், அதே எழுத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கண்ணாடிக்கு வெளியே, தொலைந்த நாய் விளம்பரத்துக்கு அருகில் ஒட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை நிற்க இடமில்லை. சுத்தியல் வலமாக ஆடியது.

"பாலத்தை மூடிடுவாங்க. யாரும் எதிர்த்துப் பேசிடாதீங்க. குடும்பத்துக்கு ஆகாது." டெல்பர்ட் மறுபடி கண்ணை மூடினார். "இன்னொண்ணு தெரியுது. கல்லறைத் தோட்டக் குழுவுக்குப் புதுசா ஒருத்தங்க. பேரு பெட்யூனியா... பெட்யூனியா கர்ன்சி. கட்டாயம் பதவி கிடைக்கும்."

"எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டாள் நெடீன்.

"ரொம்ப சாந்தம். அதிர்ந்து பேச மாட்டாங்க. கொடுத்தே பழகின கை."

"கை இல்ல டெல்பர்ட், மடி. காலையில அஞ்சு மணிக்கு நான்தான் கறந்தேன். பெட்யூனியா எங்க வீட்டுப் பசு. கர்ன்சிங்கறது மாட்டு இனம்."

மாடு வளர்த்தே வயிறு வளர்க்கிற எங்களுக்குக் கர்ன்சி தெரியாதா? தெரியும். நாங்கள் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நெடீன் தாளின் நகலை எடுத்துக் காட்டி, எங்கே ஒட்டினாள், ஏன் ஒட்டினாள் என்று சொன்னாள்.

"பசுவும் ஒரு ஜீவன்தானே?" என்றார் டெல்பர்ட். யாரோ மான் தொடையைத் திருப்பிக் கேட்டார்கள்.

"அப்ப பாலத்தை மூடுவாங்கன்னதும் பொய்யா?" என்று நான் கேட்டேன்.

"பொய் இல்ல. ஆபீசர் எழுதின சிபாரிசு. தீர்ப்பு இல்ல. நாலு வருஷமா நீங்க வாய மூடிக்கிட்டிருந்தீங்க, அதுவே தீர்ப்பாயிடுச்சு" என்றாள் நெடீன்.

செவ்வாய்க்கிழமை மைக்கின் முன் நாற்பத்து மூன்று பேர் நின்றோம். தலைவர் கையில் தீர்மானம் தயாராக இருந்தது: "பொதுமக்கள் எவரும் ஆட்சேபிக்காததால்..." என்று அது தொடங்கியது. அந்த வரியை அடிக்க, பாவம், அவருக்குப் பேனா கிடைக்கவில்லை. நெடீனுக்கு மூன்று நிமிடம் தேவைப்படவில்லை.

"என் புருஷன் வாரத்துல மூணு நாள் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போய் உயிரைத் திருப்பி வாங்கிட்டு வராரு. மூடணும்னா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு மூடுங்க."

ஓரின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆணையர்கள் வாக்களித்தார்கள்: இரண்டுக்கு ஒன்று. பாலத்தைப் பழுதுபார்க்க முடிவாயிற்று.

இதோடு எங்களுக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? புதன்கிழமை காலை நெடீன் வீட்டு வாசலில் ஏழு பேர். முதல் ஆள் கையில் வான்கோழி.

"என் கிணத்து விவகாரம் அடுத்த கூட்டத்துல எப்படிப் போகும்னு பார்த்துச் சொல்லேன், நெடீன். உன் வாக்குப் பலிக்குது."

"வான்கோழியைக் கொண்டுபோய் நீயே தின்னு. படிக்கத் தெரியும்ல?" என்று கதவைச் சாத்தினாள்.

தலையெழுத்து என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஐயா. எங்கள் கவுண்டியில் அதை ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்து, நான்கு நாள் முன்னதாகவே ஒட்டிவிடுகிறார். போய்ப் படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.