நாப்போலியில் சம்பந்தியை விழுத்திய கதை

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் வேறு மாதிரி ஒரு கதை உலாவுகிறது. பிழை முழுக்க அந்த ஊருடையது.

இத்தாலியில் நாப்போலி என்று ஒரு கடற்கரைப் பட்டினம். என் தங்கை ஜெசிந்தா நெடுங்காலமாக அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய மகள் ஷாலினிக்கும் அந்த ஊர்ப் பெடியன் ஒருவனுக்கும் விருப்பம். பெடியனின் தாய் கொன்செத்தா மட்டும் இன்னும் தலையாட்டவில்லை. பெண்ணின் குடும்பத்து ஆளைப் பார்க்காமல் எப்படி என்று கேட்டாராம். தங்கையின் கணவர் இறந்துவிட்டதால், குடும்பத்து ஆள் என்று காட்டுவதற்கு மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான். இலங்கையில், பரந்தனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் என் கடையைப் பூட்டிவிட்டு, இரவல் கோட்டுச் சூட்டோடு விமானம் ஏறினேன்.

ஊரா அது? முதல் நாளே எனக்குக் கொதி வந்துவிட்டது. ஒழுங்கைகள் எங்கள் முரசுமோட்டை வயல் வரம்பைவிடக் கொஞ்சம்தான் அகலம். அதற்குள் ஒரு ஸ்கூட்டியில் தகப்பன், தாய், நடுவில் பிள்ளை, காலடியில் நாய். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை (நாய்க்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி). தெருவைக் கடக்க மரியாதையாகக் காத்து நின்றேன். ஒருவனும் நிற்பாட்டவில்லை. பரந்தன் சந்தியில் மாடு குறுக்கே வந்தால்கூட யாழ்ப்பாண பஸ் பிரேக் அடிக்கும்! மேலே பார்த்தால், இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கயிறு கட்டிக் காயப்போட்ட உடுப்புகள். ஆரோ ஒருவரின் உள்ளுடுப்புத் தண்ணீர் இரவல் கோட்டில் சொட்டியது. அதைத் துடைக்கக் குனிந்த நேரம், மேல் மாடியிலிருந்து ஒரு பெண் கயிற்றில் இறக்கிய கூடை என் உச்சந்தலையில் வந்து குந்தியது. பேக்கரிக் கடைக்காரன் ஓடிவந்து, என்னை ஒரு மனிதனாகவும் எண்ணாமல், என் தலையில் வைத்தே கூடைக்குள் பாணைப் போட்டான்.

"ஏன்ரா, நான் என்ன மேசையோ?" என்று தமிழில் கத்தினேன். மேலேயிருந்த பெண் கைகாட்டி எனக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் கொன்செத்தா வீட்டில் மதியச் சாப்பாடு. புறப்படுமுன் ஜெசிந்தா எச்சரித்தாள்.

"அண்ணா, அங்கை வந்து வாயைத் திறக்காதேங்கோ. சிரிச்சால் காணும்."

"நான் என்ன ஊமையோ?"

"பிள்ளையின்ரை வாழ்க்கை, அண்ணா. ஒரு பகல் பேசாமல் இருங்கோ."

இருந்தேன். கொன்செத்தா என்னைவிட உயரம், என்னைவிட அகலம். வெள்ளை உடுப்பு, கழுத்தில் முத்துமாலை. எனக்குப் பிடித்த மீனைத்தான் சமைப்பேன் என்று அடம்பிடித்து, என் கையைக் கோத்துக்கொண்டு மீன் சந்தைக்கு இழுத்துப் போனார். ஜெசிந்தாவும் ஷாலினியும் பின்னால் வந்தார்கள். சந்தையில் விலை சொல்கிறார்களா, சண்டை பிடிக்கிறார்களா என்று தெரியவில்லை. கொன்செத்தா கணவாயைக் காட்டினார், சிரித்தேன். மட்டியைக் காட்டினார், இன்னும் பெரிதாகச் சிரித்தேன். சம்பந்தம் கனிந்து வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வெடித்தது.

முதலில் ஒன்று. பிறகு விடாமல். சுவர்கள் அதிர்ந்தன. முல்லைத்தீவுக் கரையில் யுத்த நாட்களில் படித்த பாடத்தை என் உடம்பு என்னைக் கேட்டுக்கொண்டா செய்யும்? மூளை கோட்டுச் சூட்டோடு நின்றுகொண்டிருக்க, உடம்பு பாய்ந்துவிட்டது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கொன்செத்தாவின் தோளைப் பிடித்து (முத்துமாலை அறுந்தது) மீன் பலகையின் கீழே தள்ளி, நானும் புகுந்தேன்.

"வாயைத் திறவுங்கோ அம்மா! நெஞ்சு நிலத்திலை முட்டக்கூடாது! முழங்கையை ஊண்டுங்கோ!"

(ஷெல்லடிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்: வாயை மூடிக்கொண்டு படுத்தால் காது போய்விடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.)

அவருக்குத் தமிழ் எங்கே விளங்கும்! ஆனால் நான் ஆவென்று பிளந்து காட்டியதும் அவரும் பிளந்தார். இரண்டு பேரும் முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்தபடி, ஒருவர் தொண்டையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து கணவாய்த் தண்ணீர் என் வாய்க்குள் சொட்டியது. நான் மூடவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் எட்டிப் பார்த்தேன். சுற்றிவரக் கால்கள். எல்லாம் நின்றபடி. ஒருத்தி தன்பாட்டுக்கு மட்டி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

ஷாலினி குனிந்தாள். "மாமா, வெளியிலை வாங்கோ. அது பட்டாசு. ஆரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளாம்."

"பிறந்தநாளுக்கோ? பட்டப்பகலிலையோ? சனத்துக்குச் சொல்லிப்போட்டுக் கொளுத்த மாட்டாங்களோ?"

ஜெசிந்தா தலையில் கைவைத்தாள். "வாயைத் திறக்க வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ! இப்ப அந்த மனுசியின்ரை வாயையும் திறப்பிச்சுப்போட்டீங்களே!"

கொன்செத்தா எழுந்தார். வெள்ளை உடுப்பு முழுக்க மீன் செதில். ஷாலினியின் முகம் வெளிறிவிட்டது. அதைப் பார்த்ததும் நிலத்தில் சிதறிய முத்துகளை அவசர அவசரமாகப் பொறுக்கத் தொடங்கினேன். ஷெல்லுக்குக்கூட அப்படி அவசரப்பட்டதில்லை. கொன்செத்தா அவளிடம் ஏதோ கேட்டார். அவள் நெடுநேரம் சொன்னாள். இடையில் வானத்திலிருந்து ஷெல் விழுவதைக் கையால் காட்டினாள். கொன்செத்தா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தத் தொடங்கினார்.

"ஏசுறாவோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. ஆனால் உங்களை இல்லை, தன்ரை மனுசனை." ஷாலினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருக்கா நிலம் நடுங்கின நேரம், இவாவையும் கைக்குழந்தையையும் விட்டிட்டு அவர் தனிய படியாலை இறங்கி ஓடினவராம். 'இந்த மனுசன் இண்டைக்குத்தான் என்னைக் கண்டவர். என்னைத் தள்ளிப்போட்டுத்தானே தான் படுத்தவர்' எண்டு சொல்லுறா."

கலியாணம் அன்றே சரிவந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

கலியாண மண்டபத்திலும் வெடி கொளுத்தினார்கள். இம்முறை முன்னமே சொல்லவேண்டும் என்று உறுதி வாங்கியிருந்தேன். ஆகவே நெஞ்சை நிமிர்த்தித் தூண் மாதிரி நின்றேன். அப்போது ஒரு கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. மேசைச் சீலைக்குக் கீழே, பட்டு உடுப்போடு, முழங்கையை ஊன்றி, வாயைப் பிளந்தபடி கொன்செத்தா. பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார். சம்பந்தி கூப்பிட்டால் போகாமல் இருக்கலாமா?

நாங்கள் மேசைக்குக் கீழே கிடந்த கலியாண வீடியோ எங்கள் ஊர் முரசுமோட்டைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது குசினியில் குக்கர் விசில் அடித்தாலும் என் மனைவி விடுவதில்லை.

"இஞ்சேருங்கோ, வாயைத் திறந்தாச்சோ?"

பதில் சொல்லக் கைவசம் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் தங்கை சொன்ன புத்தியை இப்போதுதான் கேட்டு நடக்கிறேன்: வாயைத் திறப்பதில்லை.