அனலைதீவிலிருந்து நான் இறக்கிய கோல்காரன்

உதைபந்தாட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. உள்ளே ஓடுபவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கொள்கையோடு பல வருடங்கள் எங்கள் ஊர் மைதானத்துப் பனையோரம் நின்றவன் நான். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் குறுக்கிடாமல் பேசிப் பழகியவன். அப்படிப்பட்டவனிடம் ஒரு கைத்தொலைபேசியையும் ஒரு கழகத்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் தங்கையின் மகளை, தகப்பனில்லாத பிள்ளையை, ஒரு வெற்றிக் கிண்ணத்துக்காகக் கலியாணம் பேசிக் கொடுத்தவன் நான்.

எங்களுடையது ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சின்னக் கழகம். அதன் மனேஜர் அன்ரன், என்னிடம் படித்தவன், பகலில் பிரதேச சபையில் வேலை. அவனுடைய ஆட்டத் திட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஐந்து பேரைப் பின்னால் மதிலாக நிறுத்திவிட்டு, முன்னால் ஒருவனை அநாதையாக விட்டுவிடுவான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கழகத்து வாட்ஸ்அப் குழுவில் இதை விளக்கி நான் குரல் பதிவு போடுவேன். (ஒரு பதிவைக் கேட்டு முடிப்பதற்குள் புட்டு அவிந்துவிடும் என்று என் மனைவி சொல்லுவாள்.) கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். அன்ரன் மட்டும் ஒரே பதிலைத்தான் எழுதுவான்: "நன்றி சேர். கவனத்தில எடுக்கிறன்." எடுத்ததே இல்லை.

என் முக்கியமான ஆலோசனை, கோல் அடிக்கத் தெரிந்த ஒருவனை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது. வெள்ளைக்காரக் கழகங்கள் நினைத்தவுடன் ஆளை வாங்கும். எங்களுக்கு அது ஏலாது. தீவுப்பகுதிச் சுற்றுப்போட்டியில் ஒரு சட்டம் இருக்கிறது: ஊரில் பிறந்தவன் விளையாடலாம்; இல்லையென்றால் ஊரில் கலியாணம் கட்டியவன் விளையாடலாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. ஆகவே, ஒரு வீரனைக் கொண்டுவர எங்களுக்கு இருந்த ஒரே வழி தாலி.

அந்த நேரத்தில்தான் அனலைதீவு ஆட்டம் ஒன்றின் வீடியோ என் தொலைபேசிக்கு வந்தது. ஒருவன் மூன்று கோல் அடிக்கிறான். வலது கால், இடது கால், பிறகு தலை. தூரத்திலிருந்து எடுத்ததால் முகம் தெளிவில்லை. முதுகில் "குமரன்" என்ற பெயர். மனதுக்குள் நான் எழுந்து நின்று கைதட்டினேன். அடுத்த கணம் நினைவுக்கு வந்தது, வதனிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

வதனி என்பது அந்தத் தங்கை மகள். ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பு என் தலையில் இருந்தது. அதுவரை மிக ஆறுதலாக, அவசரமில்லாமல் தேடிக்கொண்டிருந்த நான், அந்தக் கிழமையே வெள்ளை வேட்டியோடு படகு ஏறினேன். குமரன் படகு எஞ்சின் திருத்துகிறவர், குடிப்பழக்கமில்லாதவர், பொறுப்பானவர் என்று இறங்குதுறையிலேயே சொன்னார்கள். நான் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாய் தேத்தண்ணி தந்தார். மாப்பிள்ளை கதிரையின் நுனியில் இருந்தார்.

"தம்பி, உமக்கு வலக்காலோ இடக்காலோ வாய்ப்பு?" என்று தொடங்கினேன்.

அவர் தாயைப் பார்த்தார். "ரெண்டும் ஒரு மாதிரித்தான்."

"முழங்கால் நோ ஏதும்?"

தாய் முந்திக்கொண்டார். "என்ர பிள்ளைக்குக் காலில ஒரு குறையுமில்லை மாஸ்டர். ஆரும் ஏதும் சொன்னவையோ? தம்பி, எழும்பி நடந்து காட்டு."

அவர் முற்றம் வரை நடந்து காட்டினார். நான் அவருடைய கெண்டைக்காலைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினேன். சாதகத்தைக் கேட்கவே மறந்துபோனேன். அந்த அம்மாதான் கூப்பிட்டுக் கையில் தந்தார்.

பெண் பார்க்க வந்த நாளில் வதனியும் அவரும் கிணற்றடியில் நெடுநேரம் கதைத்துச் சிரித்தார்கள். "மாமா, நல்ல மனுசன். எனக்கு விருப்பம்" என்றாள். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. சுற்றுப்போட்டி தொடங்குமுன் முகூர்த்தம் கிடைக்குமா என்று மட்டும் ஐயரிடம் கேட்டேன்.

கலியாணம் முடிந்த கையோடு குமரனைப் பின்னேரப் பயிற்சிக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் அன்ரன் என் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னான்.

"சேர், மாப்பிள்ளை தங்கமான மனுசன்."

"அது தெரிஞ்ச விஷயம்."

"இந்த முறை மாற்று ஆக்களோட வாங்கில இருக்கட்டுமே. வெளியில இருந்து பாக்கட்டும்."

"கோல்காரனை வாங்கில இருத்திற மனேஜரை நான் எங்கையும் காணேல்லை. உமக்குப் பொறாமை அன்ரன்."

அவன் படலையைச் சாத்திவிட்டுப் போனான். நான் விடவில்லை. குழுவில் குரல் பதிவு போட்டேன்: குமரனை இறக்காவிட்டால் அன்ரன் விலக வேண்டும். கடல் கடந்து பெருவிரல்கள் உயர்ந்தன.

இறுதியாட்டத்துக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்று கேட்காதீர்கள். அந்த ஐந்து பேர் மதில்தான் கொண்டுவந்தது. (அந்தத் திட்டம் பிழை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.) எதிரில் பக்கத்து ஊர்க் கழகம். கடைசிவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பனையோரம் நின்று "குமரனை இறக்கு" என்று நான் தொடங்க, ஊரே பிடித்துக்கொண்டது. அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குமரனின் தோளில் கையை வைத்து ஏதோ சொல்லி உள்ளே அனுப்பினான்.

பந்து அவரைத் தேடி வந்தது. முன்னால் கோல் காப்பாளர் விழுந்து கிடக்கிறான். வலை திறந்து கிடக்கிறது. குமரன் பந்தைக் காலால் நிறுத்தினார். உருண்டு போகும் தேங்காயை நிறுத்துவதுபோல் நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். பிறகு, விழுந்து கிடந்தவன் எழும்பும் வரை பொறுத்திருந்து, பந்தை மரியாதையாக அவனிடமே தட்டிக் கொடுத்தார். அவன் அதை உதைக்க, கொண்டாட முன்னால் ஓடி வந்திருந்த எங்கள் மதிலைத் தாண்டி அது எங்கள் வலைக்குள் போய்க் கோலானது. ஆட்டமும் முடிந்தது.

"ஆரடா உவனைக் கொண்டந்தது?" என்று ஒருவன் கத்தினான்.

"மாஸ்டர் கொண்டந்தவர். மாஸ்டர், தாலியைக் கழட்டிக் குடுத்திட்டு ஆளைத் திருப்பி அனுப்புங்கோ" என்றான் இன்னொருவன். ஊர் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் வதனி நின்றாள். தாலிக்கொடி இன்னும் புதுசாக மினுங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தின் நடுவில் அவளுடைய புருசன் தலையைக் குனிந்து தனியே நின்றார்.

"மாமா," என்றாள், மெதுவாக. "தனக்குப் பந்து சரிவராது எண்டு அவர் எனக்குப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே சொன்னவர். அவரை எனக்கெண்டு பாத்தனீங்களோ, கழகத்துக்கெண்டு பாத்தனீங்களோ?"

எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தியவன் நான். அன்றைக்கு என் முறை. "கழகத்துக்கெண்டு பிள்ளை" என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு மைதானத்துக்குள் நடந்து போய்ப் புருசனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அப்போது ஒலிபெருக்கியில் அன்ரனின் குரல் கேட்டது. "குமரனை இறக்கினது நான். முடிவெடுக்கிறது மனேஜர். தோத்தது என்ர பிழை. ஆரும் அந்தப் பிள்ளையைப் பேச வேண்டாம்." ஊர் அவன் பக்கம் திரும்பியது. பேசக் கூடாததெல்லாம் பேசினார்கள். எனக்கு வர வேண்டிய ஏச்சு முழுவதையும் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கினான். மனேஜர் வேலை என்றால் என்ன என்று குரல் பதிவுகளில் விளக்கிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

பின்னேரம் தங்கை வீட்டுக்குப் போனேன். வதனி உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. குமரன்தான் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வீடியோவில அடிச்சது என்ர தம்பி, மாமா. அவன்ர ஜேர்சி கிழிஞ்சு போச்சு, என்ரயைப் போட்டவன். அந்த வீடியோவில நானும் நிக்கிறன், ஓரத்தில தண்ணிப் போத்தில் காவிக்கொண்டு."

"அதை நீர் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரேக்க இவவைக் கண்டனான். அதுக்குப் பிறகு அம்மாவுக்கு நோவில்லாட்டியும் ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வந்தனான். என்னெண்டு கேக்கிறது எண்டு தெரியாமல் இருக்க, நீங்களா வேட்டியோட வந்து நிண்டியள். தலைகீழா நடப்பீரோ எண்டு நீங்கள் கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

உள்ளே வதனி சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். கெட்ட நோக்கத்தோடு படகேறிப் போனவன் கையில் ஒரு நல்ல மனிதரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் அன்ரன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ சேர்," என்றான். "அடுத்த முறை ஆள் பாக்கப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு பந்தையும் கொண்டு போவம்."

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. கலியாணம் பேச வீட்டிலும், ஆள் தேடக் கழகத்திலும் என்னை யாரும் அனுப்புவதில்லை. உண்மையான கோல்காரன், அந்தத் தம்பி, பக்கத்து ஊரில் கலியாணம் கட்டி, இப்போது வருடம் தவறாமல் எங்களுக்கே கோல் அடிக்கிறான். வதனி வீட்டில் விருந்தென்றால் வந்தவர்களுக்கெல்லாம் அவள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். முடிவையும் அவளே சொல்லுவாள்: "மாமா என்னை ஒரு கிண்ணத்துக்குக் குடுக்கப் பாத்தவர். ஏதோ நான் செய்த புண்ணியம், ஆளுக்குப் பந்தடிக்கத் தெரியாமல் போச்சு. தம்பிக்காரன்ர மனிசி பாவம், ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்துக்குப் போய்த்தான் புருசனைக் கூட்டிக்கொண்டு வாறவ."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். குசினிக்குள் இருந்து குமரன் சட்டியோடு வந்து, கேட்காமலேயே, நண்டின் பெரிய காலை என் சோற்றுக் கோப்பையில் வைப்பார்.